டாக்கோ கிட்டா, வீட்டுத் தயாரிப்பா? பெட்டியைப் பிரித்து வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சில மாதங்களிலேயே வீட்டுச் சமையலில், மக்காச்சோள ரொட்டியில் இறைச்சியோ பீன்ஸோ வைத்து மடித்துத் தரும் மெக்சிகோ உணவான டாக்கோவும் வந்து சேர்ந்துகொள்கிறது. பள்ளி உணவகத்தில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை வீட்டிலும் அதையே கேட்கிறது. மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் டாக்கோ கிட் பெட்டி ஒன்றை வாங்கி வந்து வேலையை முடிப்பதா, மிளகாய், சீரகம், மக்காச்சோள மாவு என்று தனித்தனியாக வாங்கி எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வதா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வியை இப்படி இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்வதால்தான் முடிவெடுக்க முடியாமல் இழுபடுகிறது என்பது என் கருத்து. அந்தப் பெட்டிக்குள் ஷெல் என்னும் மடித்த மொறுமொறு ஓடு, மசாலாப் பொட்டலம், சாஸ் என்று மூன்று பொருள்கள் இருக்கின்றன. கடையில் வாங்குவது நல்லதா, வீட்டில் செய்வது நல்லதா என்பதற்கு இந்த மூன்றும் ஒரே விடையைத் தருவதில்லை.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் செலவு. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலையை விட்டுவிட்டு, உணவு தட்டுக்கு வரும் வரை ஆகும் மொத்தச் செலவைப் பார்க்க வேண்டும். அடுத்தது நேரம், இதில் நாம் நின்று வேலை செய்யும் நேரம் வேறு, ஊறுவதும் வேகுவதும் தன் பாட்டில் நடக்கும் நேரம் வேறு. மூன்றாவது, உப்பும் மற்ற உட்பொருள்களும் நம் கையில் இருக்கின்றனவா என்பது. நான்காவது சுவை. ஐந்தாவதாக, வாங்கியதில் எவ்வளவு பொருள் பயன்படாமல் கிடந்து குப்பைக்குப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் வீட்டுத் தயாரிப்பு தோற்றுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

## பெட்டிக்குள் இருப்பதும் இல்லாததும்

ஓல்ட் எல் பாசோ, ஓர்ட்டேகா, டாக்கோ பெல் ஆகிய பெயர்களில் விற்கும் வழக்கமான கிட் ஒன்றில் பன்னிரண்டு மொறுமொறு ஷெல்கள், சுமார் 28 கிராம் மசாலாப் பொட்டலம் ஒன்று, சிறிய டாக்கோ சாஸ் பொட்டலம் ஒன்று ஆகியவை இருக்கும். பெட்டியின் முகப்புப் படத்தில் வழிந்து நிற்கும் இறைச்சி, துருவிய சீஸ், லெட்டுஸ், தக்காளி ஆகிய எதுவும் உள்ளே இருக்காது. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு பவுண்டு அரைத்த மாட்டிறைச்சியும் மற்றவையும் நாமே சேர்க்க வேண்டியவை என்று அச்சிட்டிருப்பார்கள்.

இந்தப் பெட்டி தரும் உணவு எது என்பதிலும் தெளிவு வேண்டும். முன்கூட்டியே மடித்துப் பொரித்த ஷெல், சீரக மணமுள்ள அரைத்த மாட்டிறைச்சி, மஞ்சள் சீஸ் ஆகியவை சேர்ந்த டாக்கோ, டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய மெக்சிகோ மக்களும் அவர்களுடைய அண்டை வீட்டாரும் உருவாக்கிய உணவு. ஷெல்லை மடித்த வாக்கில் பொரிக்கும் கருவிக்கு, நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்டொனாடோ என்பவர் 1950இல் காப்புரிமை பெற்றார். மெக்சிகோவில் தெருவோரம் விற்கும் டாக்கோவோ மக்காச்சோள மாவில் தட்டிய மென்மையான சிறிய ரொட்டியான டோர்ட்டியாவில் இறைச்சியும், பொடியாக நறுக்கிய வெங்காயமும், கொத்தமல்லித் தழையும், சால்சாவும் வைத்துக் கொடுப்பது. இரண்டும் நல்ல உணவுகளே. பெட்டி டாக்கோவின் சுவையைத்தான் பிள்ளை கேட்கிறது என்றால், இரண்டு மணி நேரம் உழைத்து தெற்கு மெக்சிகோவின் ஓவஹாக்கா மாநிலப் பாணியில் ஒன்றைச் செய்து வைப்பதில் பயனில்லை. அது அப்படியே தட்டில் கிடக்கும்.

## கிட்: வசதியும் மறைந்திருக்கும் செலவும்

கிட்டின் பெரிய பலம் நேரம். இறைச்சியை வதக்கி, பொட்டலத்தைக் கொட்டி, முக்கால் கப் அளவு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அதற்குள் ஷெல்லை ஓவனில் சூடாக்கினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். சமைக்கத் தெரியாத கல்லூரி மாணவரும் கெடுக்க முடியாத உணவு அது.

விலையைப் பார்ப்போம். பெட்டி பெரும்பாலும் 3 முதல் 5 டாலருக்குள் கிடைத்துவிடுகிறது. அதோடு ஒரு பவுண்டு இறைச்சி, சீஸ், லெட்டுஸ், தக்காளி, சவர் கிரீம் என்று சேர்த்தால் பில் மூன்று, நான்கு மடங்காகிறது. அந்த மற்ற செலவுகள் வீட்டுத் தயாரிப்பிலும் அப்படியே இருக்கும். ஆகவே, கிட் வாங்குவதால் பணம் மிச்சம் என்பதும், வீட்டில் செய்தால் பாதி விலை என்பதும் ஒரே அளவுக்கு மிகைதான். இறைச்சியின் விலைதான் இரண்டிலும் கணக்கை முடிவு செய்கிறது.

உப்புதான் கவலைக்குரியது. மசாலாப் பொட்டலத்தை ஆறு பேருக்கு என்று பிரித்துத்தான் சத்துப் பட்டியலில் கணக்குக் காட்டுகிறார்கள். ஒரு பங்குக்கு சுமார் 300 முதல் 450 மில்லிகிராம் வரை சோடியம் என்று பல பொட்டலங்களில் காணலாம். ஒரு பங்கு என்றால் இரண்டு டாக்கோ. வளர்ந்த பையன் நான்கு சாப்பிடுவான். முழுப் பொட்டலத்தில் இருப்பது முக்கால் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டிக்கு சற்று மேல் வரையிலான உப்புக்குச் சமம். சீஸ், சாஸ், ஷெல் ஆகியவற்றின் உப்பு தனி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியத்தைத்தான் பரிந்துரைக்கிறது. இரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வீடுகளில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இன்னொரு செலவை யாரும் எழுதி வைப்பதில்லை: பெட்டியைத் திறந்தால் ஒன்றிரண்டு ஷெல்கள் உடைந்துதான் இருக்கும். உடையாமல் வந்ததும் முதல் கடியிலேயே அடியில் விரிசல் விட்டு, உள்ளிருப்பதையெல்லாம் மடியில் கொட்டும். அதற்காகவே அடிப்பகுதி தட்டையான ஷெல்களையும் இப்போது விற்கிறார்கள்.

## வீட்டுத் தயாரிப்பு: மூன்று பொருள்கள், மூன்று தீர்ப்புகள்

மசாலா. இதைப் பொட்டலமாக வாங்க நமக்கு எந்தக் காரணமும் இல்லை. சீரகம், மிளகாய், பூண்டு, மிளகு ஆகியவை அஞ்சறைப்பெட்டியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் இருப்பவை. முக்கியமாகப் புதிதாக வாங்க வேண்டியவை மெக்சிகன் ஓரிகனோவும், காரம் குறைந்த மெக்சிகோ மிளகாயான ஆஞ்சோவின் தூளும்தான். பீட்சாவில் தூவும் மத்தியதரைக்கடல் ஓரிகனோ வேறு செடி. மெக்சிகோவினுடையது எலுமிச்சை வாடையும் காரமான மணமும் கொண்டது. ஒரு பவுண்டு இறைச்சிக்கோ அதே அளவு வெந்த பீன்ஸுக்கோ ஒரு மேசைக்கரண்டி ஆஞ்சோ மிளகாய்த் தூள், ஒன்றரைத் தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், ஓரிகனோ, பூண்டுத் தூள், வெங்காயத் தூள் ஆகியவை தலா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி போதும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். அமெரிக்கக் கடைகளில் சில்லி பவுடர் என்று விற்பது காரம் குறைந்த மிளகாயோடு சீரகமும் ஓரிகனோவும் பூண்டும் சேர்த்த கலவை. அந்நாட்டுச் சமையல் குறிப்பு இரண்டு மேசைக்கரண்டி போடச் சொல்கிறது என்பதற்காக நம் மிளகாய்த் தூளை அதே அளவு போட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது. ஆஞ்சோ கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய்த் தூள் இரண்டு தேக்கரண்டி நிறத்தையும் மிதமான காரத்தையும் தரும், உலர்ந்த பழத்தை நினைவூட்டும் ஆஞ்சோவின் இனிப்பு மட்டும் வராது. இரண்டாவது, வீட்டு மசாலா போட்ட இறைச்சி உதிரி உதிரியாக நிற்கிறது, பொட்டலம் போட்டால் வரும் பளபளப்பான குழம்புப் பதம் வரவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். பொட்டலத்தில் மாவுச்சத்து சேர்ந்திருப்பதுதான் அந்தப் பதத்துக்குக் காரணம். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃபிளாரை (அமெரிக்கக் கடைகளில் கார்ன்ஸ்டார்ச்) மசாலாவோடு கலந்து தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

சால்சா. சுவையில் பெரிய இடைவெளி இருப்பது இந்த இடத்தில்தான். பெட்டியில் வரும் சாஸ் தக்காளி விழுதும் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த, எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு திரவம். வீட்டில் செய்ய குவாஹியோ என்னும் காய்ந்த மெக்சிகோ மிளகாய் நான்கின் காம்பையும் விதையையும் நீக்கி, சூடான கல்லில் ஒரு பக்கத்துக்குப் பத்து, பதினைந்து விநாடி மட்டும் வைத்து எடுக்க வேண்டும். தோல் லேசாக நிறம் மாறி மணம் கிளம்பும். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும், கருகினால் சால்சா முழுவதும் கசக்கும். அவை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறும்போதே அதே கல்லில் மூன்று தக்காளியையும், கால் வெங்காயத்தையும், தோலுரிக்காத இரண்டு பூண்டுப் பற்களையும் கரும்புள்ளி விழும் வரை சுட்டு, பூண்டை உரித்து எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து உப்புச் சேர்த்தால் வேலை முடிந்தது. தக்காளியும் மிளகாயும் முதலில் பயிரான மண்ணின் முறை இது. நம் சுட்ட தக்காளிச் சட்டினி செய்பவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. கையுழைப்பு கால் மணி நேரம்தான்.

பச்சை நிறச் சால்சாவுக்கு டொமாட்டிலோ வேண்டும். காகிதம் போன்ற உறையை உரித்ததும் காய் விரலில் ஒட்டும். அந்தப் பிசுக்கைக் கழுவி எடுக்காவிட்டால் கசப்புத் தட்டும்.

ஷெல்லும் டோர்ட்டியாவும். மொறுமொறு ஷெல்தான் வேண்டும் என்றால் கடையில் வாங்குங்கள். வீட்டில் ஒவ்வொரு டோர்ட்டியாவையும் எண்ணெயில் இடுக்கியால் மடித்துப் பிடித்துப் பொரிப்பது கையைச் சுட்டுக்கொள்வதற்கும் எண்ணெயை வீணாக்குவதற்குமான வழி. கிடைக்கும் பலன் அந்த உழைப்புக்கு ஈடாவதில்லை.

மென்மையான டோர்ட்டியா வேறு கதை. அதற்கு உயிர் நிக்ஸ்டமல் முறை: காய்ந்த மக்காச்சோளத்தை அதன் எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைக் கழுவி அரைப்பது. மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாமல் பிணைந்து கிடக்கும் நியாசின் என்னும் பி வைட்டமின் இதனால் விடுபடுகிறது. இந்த முறையைத் தெரிந்துகொள்ளாமல் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துப் போய் அதையே முக்கிய உணவாக்கிய இடங்களில், நியாசின் குறைபாட்டால் வரும் பெலாக்ரா நோய் பரவியது. மாவு விரிசல் விடாமல் தட்ட வருவதும் இந்தச் சுண்ணாம்பு வேலையால்தான். ஆகவே இந்தியக் கடையில் மக்கி ரொட்டிக்கு விற்கும் மக்காச்சோள மாவில் டோர்ட்டியா வராது. நிக்ஸ்டமல் முறையில் செய்த மாவை மாசா ஹரினா என்று கேட்டு வாங்க வேண்டும். 1949இல் மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் தொடங்கிய குரூமா நிறுவனத்தின் மசேக்கா மாவு ஏறக்குறைய எல்லாப் பெரிய கடைகளிலும் கிடைக்கிறது.

இரண்டு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான நீர், அரைத் தேக்கரண்டி உப்பு. பிசைந்து இருபது நிமிடம் மூடி வைத்து, எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே அழுத்த வேண்டும். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை, தாளில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. இந்த மாவில் சப்பாத்தி மாவின் இழுவை இருக்காது என்பதால் உருட்டுக் கட்டை உதவாது. டோர்ட்டியா அழுத்தும் கருவி அல்லது கனமான தட்டு வேண்டும். இரும்பு தோசைக்கல், மெக்சிகோவில் டோர்ட்டியா சுடும் கல்லான கோமாலுக்கு ஏறக்குறைய நிகரானது. எல்லாம் சேர்த்துப் பதினைந்து, பதினாறு டோர்ட்டியா வரும்; அழுத்தி, சுட்டு, துணியில் சுற்றி வைக்க அரை மணி நேரத்துக்கு மேல் கல்லின் முன்னால் நிற்க வேண்டும்.

வீட்டில் வெட் கிரைண்டர் இருக்கிறதே, மக்காச்சோளத்தை ஊறவைத்து அரைத்துவிடலாமே என்று தோன்றும். அரைபடும், ஆனால் கல் சுழலத் தண்ணீர் விட வேண்டியிருப்பதால் விழுது தளர்ந்துவிடும், அதைக் கெட்டியாக்க மறுபடியும் மாசா ஹரினாதான் சேர்க்க வேண்டும். ஆர்வமுள்ளவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாம், வார நாளுக்கு ஆகாது.

மெக்சிகோவின் நகரங்களிலேயே பெரும்பாலான குடும்பங்கள் டோர்ட்டியாவை வீட்டில் தட்டுவதில்லை. தெருவில் இருக்கும் டோர்ட்டியெரியாவில் சூடாகக் கிலோக் கணக்கில் வாங்கிப் போகிறார்கள், சால்சாவை வீட்டில் அரைக்கிறார்கள். தோசை மாவைக் கடையில் வாங்கிக்கொண்டு சாம்பாரை வீட்டில் வைக்கும் நம் வழக்கத்தைப் போன்றதுதான் இது. அமெரிக்காவில் மெக்சிகோ மக்கள் வாழும் பகுதிக் கடைகளில் அன்றன்று செய்த டோர்ட்டியா கிடைக்கும் ஊராக இருந்தால், நான் மாவு பிசையும் வேலையைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

## அட்டவணையில் மூன்று வழிகள்

| அளவுகோல் | முழு கிட் | கடை டோர்ட்டியா, வீட்டு மசாலா, வீட்டுச் சால்சா | டோர்ட்டியாவும் வீட்டில் |
|---|---|---|---|
| நின்று செய்யும் வேலை | 20–25 நிமிடம் | 35–40 நிமிடம் | ஒன்றேகால் மணி நேரம் |
| முதல் முறை கூடுதல் செலவு | இல்லை | காய்ந்த மிளகாய், ஓரிகனோ | அவற்றோடு மாவு, அழுத்தும் கருவி |
| அடுத்தடுத்த முறை செலவு | ஒவ்வொரு முறையும் பெட்டி விலை | சற்றுக் குறைவு | மிகக் குறைவு |
| உப்புக் கட்டுப்பாடு | இல்லை | பெரும்பாலும் உண்டு | முழுவதும் உண்டு |
| வீணாகும் வாய்ப்பு | குறைவு | நடுத்தரம் | அரிதாகச் செய்தால் அதிகம் |
| கழுவ வேண்டிய பாத்திரம் | ஒரு வாணலி, ஒரு தட்டு | வாணலி, கல், மிக்சி ஜார் | அவற்றோடு பிசையும் பாத்திரமும் அழுத்தியும் |

வீணாகும் வரிசையைச் சற்று விளக்க வேண்டும். மிளகாய்ப் பொட்டலம், நான்கு பவுண்டு மாவு, ஒரு கட்டு கொத்தமல்லி, ஒரு டப்பா சவர் கிரீம் என்று ஆர்வத்தோடு வாங்கி, ஒரு முறை செய்துவிட்டு மூன்று மாதம் மறந்துவிடும் வீட்டுக்குக் கிட்தான் மலிவு. காய்ந்த மிளகாய் காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் தாங்கும், கொத்தமல்லியும் சவர் கிரீமும் நம் சமையலிலேயே தீர்ந்துவிடும், சிக்கல் மாவில்தான். திறந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காவிட்டால் நாள்பட்ட வாடை வந்துவிடும்.

## சைவ வீடுகளுக்கு

கிட்டின் கணக்கு அரைத்த இறைச்சியை வைத்துப் போடப்பட்டது. அதற்குப் பதிலாக டின் பீன்ஸ் போடும்போது பீன்ஸில் ஏற்கெனவே இருக்கும் உப்பும் பொட்டலத்தின் உப்பும் சேர்ந்து கரிக்கும். பீன்ஸை நன்றாக அலசி, பொட்டலத்தில் பாதியை மட்டும் போடுவது நல்லது. மசித்து வறுத்த பீன்ஸ் டின்களில் பாரம்பரிய வகை என்று விற்கும் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதால் உட்பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்கக் கூடாது. கறுப்பு பீன்ஸை இரவு ஊறவைத்துக் குக்கரில் நான்கைந்து விசில் விட்டு, பூண்டும் வெங்காயமும் வதக்கிய எண்ணெயில் மசித்தால் டின்னைவிட மேலானது கிடைக்கும், விலையும் மிகக் குறைவு. கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த, பாலைத் திரிக்கும் ரென்னட் சேர்ந்த சீஸைத் தவிர்ப்பவர்கள், எலுமிச்சைச் சாறில் திரித்த பன்னீரை உப்புச் சேர்த்து உதிர்த்துத் தூவலாம். மெக்சிகோவின் உதிரும் புதிய சீஸான கேசோ ஃப்ரெஸ்கோவுக்கு அது நெருக்கமாகவே அமையும்.

குளூட்டன் ஒவ்வாதவர்கள், மென்மையான டோர்ட்டியா வரும் கிட்டுகளில் பெரும்பாலும் கோதுமை டோர்ட்டியாவே இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். டோர்ட்டியாவைச் சுருட்டிச் சாஸ் ஊற்றிச் செய்யும் என்சிலாடாவுக்கான கிட்டுகள் பலவற்றிலும் அதே நிலைதான்.

## யாருக்கு எது

வாரத்தின் நடுவில், அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பவருக்கும், விடுதி அறையில் ஒரே வாணலியோடு வாழ்பவருக்கும், பிள்ளையின் நண்பர்கள் பத்துப் பேர் திடீரென வந்து நிற்கும் நாளுக்கும் முழு கிட் பொருத்தமானது. எப்போதோ ஒரு முறை டாக்கோ சாப்பிடும் குடும்பமும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வாரம் ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ செய்யும் வீட்டுக்கு நடுவழிதான் என் தேர்வு: டோர்ட்டியாவையோ ஷெல்லையோ தனியாக வாங்குங்கள், மசாலாவை ஒரே நேரத்தில் நான்கைந்து முறைக்குக் கலந்து புட்டியில் போட்டு வையுங்கள், சால்சாவை மட்டும் அன்றன்று அரையுங்கள். கிட்டைவிடப் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும்; சுவையிலும் உப்பிலும் கிடைக்கும் முன்னேற்றம் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத் தகும். நல்ல டோர்ட்டியா கிடைக்காத சிற்றூரில் வாழ்பவர்களும், சூடான மக்காச்சோள டோர்ட்டியாவின் மணத்துக்கு மயங்கிவிட்டவர்களும் மட்டும் மாவும் அழுத்தியும் வாங்கட்டும்.

## ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் பெட்டிக்கு

அலமாரியில் பெட்டி ஒன்று காத்திருந்தால் அதை வீணாக்க வேண்டியதில்லை. ஷெல்லை மைக்ரோவேவில் வைக்காமல் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஐந்தாறு நிமிடம் ஓவனில் சூடாக்கினால் நாள்பட்ட எண்ணெய் வாடை போய் மொறுமொறுப்புத் திரும்பும். மசாலாவில் பாதியை மட்டும் எடுத்து, அரைத் தேக்கரண்டி வறுத்த சீரகப் பொடியும் அரை எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் உப்புக் குறைந்தும் மணம் குறையாது; மீதிப் பாதியை மடித்து வைத்தால் அடுத்த முறை வெறும் ஷெல் பெட்டி வாங்கினாலே போதும். ஷெல்லுக்குள் முதலில் சீஸையும் அதன் மேல் சூடான இறைச்சியையும் வைத்தால், உருகிய சீஸ் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு ஈரம் இறங்குவதைத் தாமதப்படுத்தும். உடைந்த ஷெல்களை ஒரு கிண்ணத்தில் நொறுக்கிப் போட்டு, அதன் மேல் பீன்ஸ், லெட்டுஸ், சால்சா என்று அடுக்கினால் மறுநாள் மதியத்துக்கு டாக்கோ சாலட் ஆகிவிடும்.